12 செ.மீ. என்றால் விண்வெளி வாங்காதா?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பல்கலைக்கழக மாணவர்கள் செய்யும் கியூப்சாட் செயற்கைக்கோள்களைப் பற்றி வகுப்பில் பேசியபோது, அவை 10 செ.மீ. கனசதுரமாக இருக்கும் என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஏன் டீச்சர், 12 செ.மீ. என்றால் விண்வெளி வாங்காதா?" என்று கேட்டாள். எடை குறைந்தால் ஏவும் செலவு குறையும் என்று சொல்லிச் சமாளித்தேன். "அப்போ கலாம்சாட் 64 கிராம்தானே டீச்சர், எல்லாரும் அதையே செய்யலாமே" என்று அடுத்ததையும் போட்டாள். அந்த 10 செ.மீ.க்கு அப்படி என்ன விசேஷம்? உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பல்கலைக்கழகங்கள் ஒரே அளவை எப்படி ஒப்புக்கொண்டன?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மாணவிக்கு முதலில் ஒரு சபாஷ். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலர் கியூப்சாட்டிலேயே நாலு வருஷம் உழைத்துவிட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: விண்வெளி எதையும் வாங்கிக்கொள்ளும். கால்பந்து மைதானம் அளவுள்ள சர்வதேச விண்வெளி நிலையமே பூமியைச் சுற்றுகிறது, 12 செ.மீ. பெட்டி சுற்றாதா? வாங்க மாட்டேன் என்று சொல்வது ராக்கெட்டில் திருகி வைத்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. கதை முழுவதும் அந்தப் பெட்டியைப் பற்றியதுதான்.

பெட்டியிடம் போகும் முன் உங்கள் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அது தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு. ஒரு கல்லூரி ஒரு கிலோ எடையில் உருளையாக ஒரு செயற்கைக்கோள் செய்கிறது என்று வையுங்கள். இன்னொரு கல்லூரி அதே ஒரு கிலோவில் அறுகோணமாகச் செய்கிறது. மூன்றாவது கல்லூரிக்குக் கலையுணர்ச்சி அதிகம், உருண்டையாகச் செய்கிறது. தராசில் மூன்றும் சமம். ராக்கெட்காரர்களுக்கு மூன்றும் மூன்று தனித்தனித் தலைவலி. உருளையை எங்கே, எத்தனை திருகாணி போட்டு மாட்டுவது? மேலே போனதும் எப்படிக் கழற்றிவிடுவது? கழலும்போது பக்கத்தில் இருக்கும் பெரிய செயற்கைக்கோளில் இடிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ராக்கெட் குலுக்குகிற குலுக்கலில் மாணவர்கள் ஒட்டிய ஒரு துண்டு பெயர்ந்து பறந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிச் சோதனை, தனிக் காகிதக் கட்டு. பல நூறு கோடி ரூபாய்ப் பெரிய செயற்கைக்கோளின் சொந்தக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். "இந்தப் பிள்ளைகளை அடுத்த வண்டியில் ஏற்றுங்கள்" என்பார்.

மாணவர் செயற்கைக்கோள்கள் அப்படித் தனித்தனியாகவும் போயிருக்கின்றன. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் ரிசாட்-2 உடன் போன அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 40 கிலோ. 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி.-சி18இல் போன எஸ்.ஆர்.எம்.சாட் சுமார் 11 கிலோ. இரண்டையும் பேச்சுவாக்கில் கியூப்சாட் என்று சிலர் சொல்வதுண்டு. அவை கியூப்சாட் இல்லை. ராக்கெட்டையும் ஏவுதளத்தையும் கையில் வைத்திருக்கும் இஸ்ரோ பக்கத்திலேயே இருந்து கைபிடித்து அழைத்துப் போனதால் அது முடிந்தது. எல்லா நாட்டு மாணவர்களுக்கும் வீட்டுப் பக்கத்தில் இஸ்ரோ கிடையாதே.

இப்போது 1999ஆம் ஆண்டுக்கு, கலிபோர்னியாவுக்கு வாருங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பாப் ட்விக்ஸ் என்ற பேராசிரியரின் மாணவர்கள் 'ஓபல்' என்ற செயற்கைக்கோளைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் கையடக்கமான குட்டிச் செயற்கைக்கோள்களை வைத்து, மேலே போனதும் வெளியே தள்ளிவிடுவது திட்டம். 2000 ஜனவரியில் ஓபல் ஏவப்பட்டது, குட்டிகளும் சமர்த்தாக வெளியே வந்தன. ஆனால் அதற்கு முன்பே ட்விக்ஸை இரண்டு விஷயங்கள் உறுத்தத் தொடங்கியிருந்தன.

முதலாவது, மாணவர்களிடம் இடம் கொடுத்தால் அவர்கள் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். இன்னொரு கருவி, இன்னொரு கேமரா, இன்னொரு சோதனை. மொட்டைமாடியில் ஓர் அறை மட்டும் கட்டுவதாகத் தொடங்கி மாடி வீடாக முடிகிற கதைதான். படிப்பு முடிந்து பிள்ளை வேலைக்குப் போய்விடுகிறான், செயற்கைக்கோள் மேசை மேலேயே இருக்கிறது. ஒரு மாணவர் தன் படிப்புக் காலத்துக்குள் வரைந்து, செய்து, ஏவி, அதனுடன் பேசியும் பார்க்க வேண்டும் என்றால், இதற்குமேல் இடமில்லை என்று யாராவது கறாராகச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, ஓபல் சுமந்த குட்டிகள் சீட்டுக்கட்டு போலத் தட்டையானவை. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சூரியமின்கலங்களை ஒட்ட அவற்றில் போதிய இடம் இல்லை. கொண்டுபோன பேட்டரி தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது.

சரியான அளவைத் தேடி ட்விக்ஸ் எங்கே போனார் என்று உங்கள் மாணவியிடம் கேளுங்கள், சரியாகச் சொல்ல மாட்டாள். கடைக்குப் போனார். பீனி பேபி என்ற துணிப் பொம்மைகளை அமெரிக்கர்கள் அந்தக் காலத்தில் வெறியோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மை மேல் தூசி படாமல் காட்சிக்கு வைக்க, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி விற்றது. அது நாலு அங்குலக் கனசதுரம். பக்கங்களில் மின்கலம் ஒட்ட இடமிருக்கும், உள்ளே மின்சுற்றுப் பலகைகளை அடுக்கலாம். நாலு அங்குலம் என்றால் 10.16 செ.மீ. அதைச் செதுக்கி 10 ஆக்கினார்கள். நீங்கள் கேட்ட பத்துக்குப் பின்னால் வானியலும் இல்லை, இயற்பியலும் இல்லை. ஒரு பொம்மைப் பெட்டிதான் இருக்கிறது.

ஆனால் கனசதுரம் என்பதற்கு இயற்பியல் உண்டு, உங்கள் வகுப்புக்கு உதவும். இவ்வளவு சின்னப் பொருளுக்குள், இந்தப் பக்கம்தான் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று திருப்பி நிறுத்தும் கருவிகளை முதல் முயற்சியிலேயே வைப்பது கடினம். அது தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். எல்லா முகமும் ஒரே அளவாக இருந்து, எல்லாவற்றிலும் மின்கலம் ஒட்டியிருந்தால், எப்படி உருண்டாலும் ஏதோ ஒரு முகம் வெயிலில் இருக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பூமிக்கு அருகே சூரிய ஒளி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். ஒரு முகத்தில் ஏறக்குறைய 60 சதுர செ.மீ. அளவுக்கு மின்கலம் ஒட்டலாம். நல்ல மின்கலம் என்றால் விழுகிற ஒளியில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரமாக்கும். பெருக்கிப் பாருங்கள், இரண்டரை வாட்கூடத் தேறாது. நம் வீட்டு 9 வாட் எல்.ஈ.டி. பல்பை எரிக்க இப்படி நாலைந்து முகங்கள் வேண்டும். போதாக்குறைக்கு, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும்போது, தாழ்வான பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் பூமியின் நிழலுக்குள் ஓட வேண்டும். இந்தச் சில்லறை மின்சாரத்தில்தான் கணினி ஓட வேண்டும், படம் எடுக்க வேண்டும், பல நூறு கிலோமீட்டர் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி பேசவும் வேண்டும்.

ஆரம்பத்தில் எடை வரம்பு ஒரு கிலோ. 10 செ.மீ. கனசதுரத்தின் கன அளவு 1,000 கன செ.மீ., அதாவது ஒரு லிட்டர். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் தண்ணீரின் அடர்த்தி. வரம்பு பிறகு 1.33 கிலோவாகி, இப்போது 2 கிலோ வரை போயிருக்கிறது. மின்னணுச் சாமான்கள் சிறுத்துக்கொண்டே வர, மாணவர்கள் ஒரே பெட்டியில் அதிகம் திணித்துக்கொண்டே வந்ததன் விளைவு. மொட்டைமாடி அறை கட்டும் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

அளவு கிடைத்துவிட்டது. அளவு மட்டும் கிடைத்திருந்தால் இந்தக் கதை ஸ்டான்போர்டிலேயே முடிந்திருக்கும். தெற்கே சுமார் 300 கி.மீ. தூரத்தில், நம் சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தொலைவு என்று வையுங்களேன், சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜோர்டி புய்க்-சுவாரி என்ற பேராசிரியர். செயற்கைக்கோளை ராக்கெட்டோடு இணைக்கும் வேலையை அவரும் அவர் மாணவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்த பெட்டிக்கு 'பி-பாட்' என்று பெயர். நீளமான அலுமினியப் பெட்டி. ஒரு முனையில் சுருள்வில், மறுமுனையில் கதவு. உள்ளே நாலு மூலைகளிலும் தண்டவாளம் போல வழுவழுப்பான தடங்கள். மூன்று கியூப்சாட்களை வரிசையாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், வில் அமுங்கி நிற்கும். சுற்றுப்பாதைக்குப் போனதும் ராக்கெட்டிலிருந்து ஒரு மின்குறிப்பு வரும், கதவு திறக்கும், வில் தள்ளும், மூன்றும் நாம் நடக்கிற வேகத்தில் வெளியே போகும். அவ்வளவுதான்.

டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றடுக்குக் கேரியரின் கிளிப் சரியாகப் பூட்டியிருந்தால், பஸ்ஸில் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்ற கவலை வேண்டாம். சாம்பார் கெட்டே போயிருந்தாலும் புடவைக்கு ஒன்றும் ஆகாது. பி-பாட் செய்தது இதைத்தான். மாணவர்களின் செயற்கைக்கோள் ஏவும்போதே தூளாக உடைந்தாலும் துண்டுகள் பெட்டிக்குள் கிடக்கும், பெரிய செயற்கைக்கோளின் மேல் ஒரு கீறல் விழாது. ராக்கெட்காரர்கள் பெட்டியை ஒருமுறை நன்றாகச் சோதித்துத் திருப்தி அடைந்தால் போதும். அதற்குள்ளே தோக்கியோ மாணவர் செய்தது போனாலும் டென்மார்க் மாணவர் செய்தது போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். முன்பின் தெரியாத கல்லூரியை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. எடை குறைந்ததைவிட இந்த அவநம்பிக்கை நீங்கியதுதான் பெரிய மிச்சம்.

கியூப்சாட் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள், அதுவும் முக்கியமான காரியம். அதில் வரும் விதிகளில் பெரும்பாலானவை பெட்டியை அல்லது பக்கத்துப் பயணியைப் பற்றியவைதான். செயற்கைக்கோளின் நாலு மூலை விளிம்புகளும் பெட்டியின் தடத்தில் வழுக்கி ஓட வேண்டும், ஆகவே ஒவ்வொன்றும் குறைந்தது 8.5 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அந்த விளிம்புகளுக்கு ஹார்டு அனோடைஸ் செய்திருக்க வேண்டும். அனோடைஸ் என்றால் மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்சைடு அடுக்கை வளர்ப்பது. உங்கள் அடுப்படியில் கறுப்பு நிறக் குக்கர் இருந்தால் அதன் மேல் இருப்பதும் அந்த வகை அடுக்குதான். இங்கே அது எதற்கு? வெறும் உலோகப் பரப்புகள் இரண்டு காற்றில்லாத இடத்தில் அழுந்தி உரசினால், சூடே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். இதற்குக் குளிர்ப் பற்று என்று பெயர் வைக்கலாம். பூமியில் உரசல் பட்ட இடத்தில் காற்றின் ஆக்சிஜன் உடனே மெல்லிய படலம் போட்டுக் காப்பாற்றிவிடுகிறது. வெற்றிடத்தில் அந்த உதவி இல்லை. கதவு திறந்த பிறகு செயற்கைக்கோள் தடத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இரண்டும் உள்ளேயே சமாதி.

சொன்னால் சிரிப்பீர்கள், கனசதுரம் கனசதுரமும் இல்லை. உயரம் 11.35 செ.மீ. நாலு மூலை விளிம்புகளும் மேலும் கீழும் கொஞ்சம் கால்போல நீண்டிருக்கும். அடுத்தடுத்து நிற்பவை கால்களில் மட்டும் தொட்டுக்கொள்ளட்டும், மின்கலம் ஒட்டிய முகங்கள் இடித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக.

இன்னொரு விதி: பெட்டிக்குள் இருக்கும்வரை செயற்கைக்கோள் செத்ததுபோல் கிடக்க வேண்டும். காலில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பக்கத்துச் செயற்கைக்கோள் அதை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை மின்சாரம் ஓடாது. வெளியே வந்ததும் அமுக்கம் நீங்கி, உயிர் வரும். வந்த உடனே பேசக் கூடாது. ஆன்டெனாவை விரிக்க 30 நிமிடம் பொறுக்க வேண்டும், வானொலி அலை அனுப்ப 45 நிமிடம். பெரிய செயற்கைக்கோளும் ராக்கெட்டும் நல்லபடியாக விலகிப் போகட்டும் என்பதற்காக. கீழே தரைநிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நகம் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு அந்த 45 நிமிடம் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதைவிட நீளம்.

ஆன்டெனா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாணவர் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வானொலி ஆர்வலர்களுக்கான அலைவரிசையில், 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு சுமார் 17 செ.மீ. அந்த நீளத்துக்குக் கம்பி வேண்டும், செயற்கைக்கோளோ 10 செ.மீ. என்ன செய்வது? தச்சர் இடுப்பில் வைத்திருக்கும் எஃகு டேப் இருக்கிறதே, மடித்தால் மடங்கி, விட்டால் விறைத்து நிற்குமே, அதைத்தான் பல அணிகள் வெட்டி ஆன்டெனாவாக வைக்கின்றன. மடித்து நைலான் தூண்டில் நரம்பால் கட்டிவிடுவார்கள். நேரம் வந்ததும் ஒரு சின்னக் கம்பி சூடாகி நரம்பை உருக்கி அறுக்கும், டேப் படக்கென்று நிமிரும். விண்வெளித் தொழில்நுட்பம் என்றதும் நாம் நினைத்துப் பயப்படுகிற பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

பசைகளும் பிளாஸ்டிக்கும் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. வெற்றிடத்தில் அவற்றிலிருந்து ஆவி கசியும். புதுக் காருக்குள் ஏறியதும் அடிக்கிற வாசனை இருக்கிறதே, அந்த மாதிரி. அந்த ஆவி பக்கத்துச் செயற்கைக்கோளின் கேமரா கண்ணாடியில் போய்ப் படிந்தால் அவ்வளவுதான். ஆகவே வெற்றிடக் கலத்தில் வைத்துச் சூடாக்கி, கசிய வேண்டியதைக் கீழேயே கசியவைத்துவிடுவார்கள். பிறகு அதிர்வுச் சோதனை: ராக்கெட் குலுக்குவதுபோல மூன்று திசையிலும் குலுக்கிப் பார்ப்பது.

இத்தனை விதிகளையும் படித்து முடித்தபின் உங்கள் மாணவி கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் செயற்கைக்கோள் வேலை செய்தாக வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு தராமல் இரு, உன் பாடு உன்னோடு என்று விட்டுவிடுகின்றன. பல்கலைக்கழகங்கள் முதன்முதலாகச் செய்து அனுப்பியவற்றில் கணிசமானவை மேலே போய் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே இருந்துவிட்டன. இது அக்கறையின்மை போலத் தெரியலாம். எனக்கு இதுதான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய தாராளம் என்று படுகிறது. தோற்பதற்கு அனுமதி இருக்கும் இடத்தில்தான் மாணவர்கள் கடையில் வாங்கிய சாதாரணச் சில்லை வைத்துப் பார்க்க முடியும்.

அப்படி வைத்துப் பார்த்தவர்கள் சாதித்தும் காட்டினார்கள். 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ரோகோட் ராக்கெட்டில் முதல் கியூப்சாட்கள் போயின. தோக்கியோ பல்கலைக்கழகம், தோக்கியோ தொழில்நுட்பக் கழகம், கனடாவின் டொராண்டோ, டென்மார்க்கிலிருந்து இரண்டு, ஸ்டான்போர்டு என்று பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே வண்டியில். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் எக்ஸ்.ஐ.-4, கடையில் கிடைக்கிற சில்லுகளை நம்பிச் செய்தது. பத்தாண்டுகளுக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தது. அந்த அணி பெட்டியைக்கூட அமெரிக்காவிலிருந்து வாங்காமல் தானே செய்துகொண்டது. அளவு ஒன்றாக இருந்ததால் பெட்டி யாருடையது என்பது முக்கியமாக இல்லை.

ஒரே வண்டியில் ஏறுவதில் ஆபத்தும் உண்டு. 2006 ஜூலை 26 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய நீப்பர் ராக்கெட் விழுந்தபோது 14 கியூப்சாட்கள் ஒன்றாகப் போயின. எத்தனை பிள்ளைகளின் இரவு விழிப்பு!

பல்கலைக்கழகங்கள் ஒரே அளவை எப்படி ஒப்புக்கொண்டன என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், அதிகம் பேசிக்கொள்ளாமலே ஒப்புக்கொண்டன. விதிப் புத்தகம் அவர்களுக்காகப் பேசிவிடுகிறது. ஆனால் உட்கார்ந்து பேசிச் செய்த நல்ல உதாரணங்களும் உண்டு. 2010 ஜூலை 12 அன்று பி.எஸ்.எல்.வி.-சி15இல் போன ஸ்டட்சாட், பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள ஏழு பொறியியல் கல்லூரிகள் கூடிச் செய்தது. எடை ஒரு கிலோவுக்குள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. ஜப்பானில் கிட்டாகியூஷு நகரில் கியூஷு தொழில்நுட்பக் கழகம் 'பேர்ட்ஸ்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. சொந்தமாகச் செயற்கைக்கோள் செய்து பழகாத நாடுகளிலிருந்து பட்டமேற்படிப்புக்கு வரும் பொறியாளர்களைச் சேர்த்து, சுமார் இரண்டு ஆண்டுக்குள் வரைவதிலிருந்து இயக்குவதுவரை செய்யவைப்பார்கள். மூன்றாம் சுற்றில் ஜப்பான், நேபாளம், இலங்கை. மூன்று நாட்டுக்கும் ஒரே வடிவமைப்பில் மூன்று செயற்கைக்கோள்: உகுய்சு, நேபாளிசாட்-1, ராவணா-1. இலங்கை தரப்பில் மொரட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் பங்காளி. அமெரிக்க நேரப்படி 2019 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவிலிருந்து சிக்னஸ் சரக்குக் கலத்தில் ஏறி, விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று ஜப்பானின் கிபோ கூடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டன. அங்கே ஜப்பானியர்களின் சொந்தப் பெட்டி இருக்கிறது. அதுவும் மூன்றடுக்குதான். அதே நாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்பூக்கி-1 என்ற மூன்று மடங்கு நீளமான கியூப்சாட்டும் கிபோவிலிருந்து வெளியேறியது.

மூன்று நாடு சேர்வதில் செலவுப் பங்கீட்டைத் தாண்டி ஒரு லாபம் உண்டு. தாழ்வான பாதையில் பறக்கும் செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்தின் தலைக்கு மேல் அதிகம் போனால் பத்து நிமிடம் இருக்கும். பேச வேண்டியதை அதற்குள் பேச வேண்டும். ஒவ்வொரு நாட்டின் நிலையமும் மூன்று செயற்கைக்கோளையும் கேட்டு, கிடைத்ததை மற்றவர்களுக்கு அனுப்பினால், எல்லோருக்கும் கேட்கும் நேரம் பெருகுகிறது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் விடப்பட்டவை என்பதால், அங்கே இருக்கும் மெல்லிய காற்றின் உராய்வில் தாழ்ந்து தாழ்ந்து, சில ஆண்டுகளில் தாமாகவே எரிந்துபோயின. குப்பையும் சேரவில்லை.

இனி உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி மாணவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் போனது. ஆய்வு ராக்கெட் என்பது விண்வெளியைத் தொட்டுவிட்டுச் சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடுவது, பூமியைச் சுற்றாது. ஆகவே அதை 10 செ.மீ. கியூப்சாட்டோடு ஒப்பிட முடியாது. 64 கிராம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். அது பறந்த பள்ளி மாணவர் திட்டத்தில், கொண்டு வருவது 4 செ.மீ. கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், 64 கிராமைத் தாண்டக் கூடாது என்று விதி. 4 × 4 × 4 என்ன என்று கேளுங்கள். அங்கேயும் பெட்டிதான் பேசுகிறது, அதே தண்ணீர்க் கணக்கில். அந்தக் கலாம்சாட்டின் பின்னால் இருந்த சென்னை அமைப்பு அடுத்துச் செய்த கலாம்சாட்-வி2, 2019 ஜனவரி 24 அன்று பி.எஸ்.எல்.வி.-சி44இல் சுற்றுப்பாதைக்கே போனது. எடை 1.26 கிலோ.

2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். அவற்றில் 101 வெளிநாட்டுக் கியூப்சாட்கள், நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் பெட்டிகளுக்குள் அமர்ந்து போனவை. 88 ஒரே அமெரிக்க நிறுவனத்துடையவை. மாணவர்களுக்காக வரைந்த பெட்டியில் இன்று வியாபாரிகள்தான் அதிகம் போகிறார்கள், எனக்கு அதில் லேசான வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்துடையதும் கசகஸ்தானின் அல்-பராபி பல்கலைக்கழகத்துடையதும் ஏறிக்கொண்டன.

சரி, 12 செ.மீ.? பெரிதாக வேண்டுமென்றால் பத்தின் மடங்குகளில் போகலாம். இரண்டு அலகு, மூன்று அலகு, ஆறு, பன்னிரண்டு என்று அதற்கேற்ற பெட்டிகள் வந்துவிட்டன. சிறிதாக வேண்டுமென்றால், ட்விக்ஸே பிறகு கென்டக்கியில் மோர்ஹெட் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் 5 செ.மீ. கனசதுரம் ஒன்றை முன்வைத்தார். பாக்கெட்கியூப் என்று பெயர். அதற்கும் தனிப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது. 12 செ.மீ.க்கு எனக்குத் தெரிந்து யாரும் செய்யவில்லை. உங்கள் மாணவிக்கு அந்த அளவில் அவ்வளவு பிடிப்பு இருந்தால், செயற்கைக்கோளை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும், பெட்டியை முதலில் வரையச் சொல்லுங்கள். அட்டையும் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் சுருள்வில்லும் போதும். கதவு திறந்ததும் மூன்று சாக்பீஸ் பெட்டிகள் முட்டிக்கொள்ளாமல் வெளியே வருகின்றனவா என்று வகுப்பிலேயே பார்த்துவிடலாம். பேனா வில் பத்தாது என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.